எம்.டி.பி. திருத்த மசோதா: மாதிரி நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசையில் நின்று என்ன பேசுவது?

தாமிரபரணிக்காரி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் துறையில் மாதிரி நாடாளுமன்றம். எடுத்துக்கொண்டிருப்பது எம்.டி.பி. எனப்படும் கருக்கலைப்புச் சட்டத்தின் திருத்த மசோதா. அது மாநிலங்களவையில் நிறைவேறிய 2021 மார்ச் 16-ஐ நடத்திக் காட்ட வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு எதிர்க்கட்சி விழுந்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், படிக்கப் படிக்க எனக்கு அந்த மசோதா நல்லதாகத்தான் தெரிகிறது. 1971 சட்டத்தில் 20 வாரம் என்றிருந்த வரம்பைச் சில பெண்களுக்கு 24 வாரமாக ஏற்றியிருக்கிறார்கள். கருத்தடைச் சாதனம் பலிக்காமல் போன கர்ப்பத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘திருமணமான பெண், அவள் கணவன்’ என்று இருந்தது ‘எந்தப் பெண்ணும், அவள் துணையும்’ என்று ஆகியிருக்கிறது. பெண்ணின் பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை. மக்களவையில் 2020 மார்ச்சிலேயே நிறைவேறி, கொரோனாவில் ஒரு வருடம் காத்திருந்து, மேலவையில் குரல் வாக்கெடுப்பில் முடிந்துபோன மசோதா இது. சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தனாக நடிக்கும் பையன் இப்போதே வென்றுவிட்ட மாதிரி திரிகிறான்.

எதிர்க்கட்சி என்பதற்காகக் கருக்கலைப்பே பாவம் என்று பேச எனக்கு மனம் வரவில்லை. அது என் கருத்தும் இல்லை. எனக்கு எட்டு நிமிடம் கிடைக்கும். மசோதாவின் ஓட்டைகள் எங்கே? நிஜத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இது எப்படி நடக்கிறது? வீட்டில் யாரிடமும் கேட்க முடியாத தலைப்பு. அதனால்தான் இங்கே வந்தேன்.

---

கறுப்புக்கோட்டு மதுரை

முதலில் ஒரு எச்சரிக்கை. உங்கள் நாள் 2021 மார்ச் 16 என்றால் அதற்குப் பிறகு நடந்த எதையும் பேச்சில் இழுக்காதீர்கள். இந்த மாதிரிப் போட்டிகளுக்கு நடுவராகப் போயிருக்கிறேன். பாதிப் பேர் மாட்டுவது இங்கேதான். திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை வழி உண்டு என்று உச்ச நீதிமன்றத்தில் சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு சொன்னது 2022 செப்டம்பர் 29-ல். அதைச் சொன்னீர்களானால் அமைச்சர் எழுந்து சிரிப்பார்.

ஆனால் அந்தத் தீர்ப்பு ஏன் தேவைப்பட்டது என்று பாருங்கள், உங்கள் பேச்சு அங்கே இருக்கிறது. 20 முதல் 24 வாரம் வரை யாருக்கு அனுமதி என்று மசோதாவே சொல்லவில்லை. ‘விதிகளில் குறிப்பிடப்படும் வகைப் பெண்கள்’ என்பதோடு நிறுத்திவிட்டது. வாக்களிக்கும் உறுப்பினர்கள் முன்னால் பட்டியல் கிடையாது. எழுதாத பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று சொல்லுங்கள், அவை நிமிர்ந்து உட்காரும்.

பட்டியல் 2021 அக்டோபரில் விதிகளாக வந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள் அல்லது விவாகரத்து ஆனவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், கருவில் கடுமையான குறை உள்ளவர்கள், பேரிடர் போன்ற நெருக்கடியில் இருப்பவர்கள். இதைப் பேச்சில் சொல்ல முடியாது, உங்கள் புரிதலுக்காக எழுதுகிறேன். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவன் ஐந்தாம் மாதம் கைவிட்டுப் போனால் அந்தப் பெண் இதில் எங்கே வருகிறாள்? எங்கேயும் இல்லை. டெல்லியில் 25 வயதுப் பெண் ஒருவர் ஏறக்குறைய அந்த நிலையில்தான் உயர் நீதிமன்றம் போனார். 2022 ஜூலையில் அங்கே மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் போய்த்தான் கிடைத்தது. மசோதாவை அவையில் அன்றைக்கே ஒழுங்காகக் கிழித்துப் பார்த்திருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

இன்னொன்று அடிப்படை. கருவைக் கலைப்பது இந்தியாவில் குற்றம். இந்திய தண்டனைச் சட்டம் 312, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 88. அந்தப் பெண்ணே தனக்குச் செய்துகொண்டாலும் குற்றம். கருக்கலைப்பைப் பற்றி ஆராய 1964-ல் சாந்திலால் ஷா குழுவை அமைத்து, அது 1966-ல் அறிக்கை கொடுத்து, 1971-ல் சட்டமாக வந்தபோது செய்தது ஒன்றுதான்: பதிவு பெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு செய்தால் அவருக்குத் தண்டனை இல்லை. பாதுகாப்பு மருத்துவருக்கு. பெண் தன் விருப்பத்தைச் சொல்லலாம், முடிவை மருத்துவர் எடுப்பார். 2021-லும் இது மாறவில்லை.

2014-ல் சுகாதார அமைச்சகமே ஒரு வரைவு வெளியிட்டது. முதல் 12 வாரம் வரை பெண் கேட்டாலே போதும் என்று அதில் இருந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்களும் செய்யலாம் என்றும் இருந்தது. 2020-ல் மசோதா வந்தபோது இரண்டும் காணாமல் போயிருந்தன. ஏன் என்று அமைச்சரைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு உங்கள் வகுப்புப் பையனிடம் பதில் இருக்காது.

---

லேபர்வார்டு சரோஜா

கண்ணு, நான் தருமபுரிக்காரி. அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து, பெரும்பாலும் பிரசவ வார்டிலேயே காலம் தள்ளி, ஓய்வு பெற்றுவிட்டேன். வக்கீல் தம்பி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எட்டு நிமிடத்தையும் நீ 20 வாரமா 24 வாரமா என்று பேசிக் கழித்தால் அமைச்சர் சுலபமாகத் தப்பித்துவிடுவார். வாரம் எத்தனை என்று கேட்காதே. அந்த வாரங்கள் எங்கே கழிகின்றன என்று கேள்.

கணக்கு எங்கிருந்து ஆரம்பிக்கிறது தெரியுமா? கடைசி மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து. நாள் தள்ளிப்போனது என்று ஒருத்தி விரலை மடக்கும்போதே சட்டப்படி நாலு வாரம் முடிந்து ஐந்தாவது ஓடுகிறது. மாதம் ஒழுங்காக வராதவள், பால் கொடுக்கிறவள், ‘வெயிலில் வேலை செய்தது, அதான்’ என்று நினைக்கிறவள் எல்லாம் கார்டு டெஸ்ட் பார்க்கும்போது பத்து வாரத்தைத் தொட்டிருப்பாள். அப்புறம் கூலி இல்லாத ஒரு நாள் பார்க்க வேண்டும். துணைக்கு ஆள் வேண்டும். ஓ.பி. சீட்டுப் போட்டால் ‘இதற்கு டாக்டரம்மா செவ்வாய்க்கிழமைதான் பார்ப்பாங்க’ என்பார்கள். செவ்வாய் வந்தால் ஸ்கேன் எழுதுவார்கள். ஸ்கேன் டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருவார். ரிப்போர்ட்டோடு வந்தால் ரத்தம் குறைவு, ஏற்றிக்கொண்டு வா என்பார்கள். நெகட்டிவ் குரூப் என்றால் ஊசி வாங்கி வரச் சொல்வார்கள். இது எதுவும் பொய்க் காரணம் கிடையாது, மருத்துவத்துக்கு வேண்டியதுதான். ஆனால் இவ்வளவும் ஒரே நாளில் ஒரே கூரையின் கீழ் முடிய வேண்டியவை.

பிறகு கையெழுத்து. சட்டம் 1971-லிருந்தே ஒன்றுதான் சொல்கிறது. பதினெட்டு வயதைத் தாண்டியவள் என்றால் அவள் கையெழுத்து மட்டும் போதும். படிவம் சி என்று ஒன்று உண்டு, அதில் கணவனுக்கு இடமே கிடையாது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் (எந்த ஊர் என்று கேட்காதீர்கள்) கணவன் கையெழுத்து இல்லாமல் கேஸ் ஷீட்டே திறக்க மாட்டார்கள். பின்னாளில் அவன் வந்து சண்டை போட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்த ஒரு பெண், கல்யாணம் ஆகாதவள், மில் வேன் ஓட்டுகிற வயசாளியைக் கூட்டிக்கொண்டு வந்து ‘இவர்தான் வீட்டுக்காரர்’ என்றாள். அவருக்கு அறுபது இருக்கும். கை நடுங்கக் கையெழுத்துப் போட்டார். எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், கழுத்தில் தாலி இல்லை என்றால் ரேட்டே வேறு.

மூன்று குழந்தை பெற்றவள் வந்தால் வேறு நிபந்தனை. ‘கு.க. பண்ணிக்கிறேன்னு சொல்லு, இதையும் சேர்த்துப் பண்ணிடலாம்.’ குடும்பக் கட்டுப்பாடு நல்லதுதான், நானே எத்தனையோ பேரிடம் பேசி ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். ஆனால் இது கிடைக்க அது நிபந்தனை என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. அப்படிச் சொன்னதும் எழுந்து போனவள் ஒருத்தி பதினைந்து நாள் கழித்துக் காய்ச்சலும் நாற்றமுமாக ஸ்ட்ரெச்சரில் வந்தாள். வெளியில் எவளோ செய்துவிட்டிருக்கிறாள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எருக்கங்குச்சி கேஸ் என்றே ஒரு கட்டில் தனியாக இருக்கும். அந்தக் கட்டில் காலியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில் இவள் வந்தாள். பிழைத்தாள், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. 2001-03 மாதிரிப் பதிவுக் கணக்கில் இந்தியாவில் தாய் இறப்பில் நூற்றுக்கு எட்டு கருக்கலைப்பினால் என்று இருந்தது. 1972-லேயே நடைமுறைக்கு வந்த சட்டம் இருக்கும்போது எட்டு.

சரி, மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. அந்த நாலு வாரத்தின் விலை என்ன என்று பார்த்தவள் நான். மலைக்கிராமத்துப் பெண், கணவன் பெங்களூரில் கொத்து வேலை. குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கிற ஸ்கேன் ஐந்தாம் மாதத்தில் எடுக்கிறது, பதினெட்டிலிருந்து இருபது வாரத்துக்குள். பஸ் இல்லாத வாரம், மழை வாரம் என்று போய், அவள் கீழே இறங்கி வந்து படுத்தபோது இருபத்தொன்று. குழந்தைக்கு மண்டையோடு உருவாகவில்லை. பிறந்தாலும் சில மணி நேரம்தான் என்று எல்லா டாக்டருக்கும் தெரியும். இது பழைய சட்டம் இருந்த காலம். ‘இருபது தாண்டிடுச்சு, ஹைகோர்ட்டுக்குப் போகணும்’ என்றார்கள். அவள் சென்னையையே பார்த்ததில்லை. எட்டாம் மாதம் வரைக்கும் சுமந்தாள். பார்க்கிறவர்கள் எல்லாம் ‘என்ன குழந்தை, எப்போ’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெற்ற அன்றைக்குச் சாயங்காலமே குழந்தை போய்விட்டது. இரண்டு நாளில் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது, அதற்கு மாத்திரை கொடுத்தோம். அதனால் 24 வாரம் என்ற மாற்றத்தை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

என் சண்டை அதற்கு மேலே உள்ள பகுதியோடு. 24 தாண்டினால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும், அதுவும் கருவில் கடுமையான குறை இருந்தால் மட்டும். வாரியத்தில் மகப்பேறு டாக்டர், குழந்தை டாக்டர், ஸ்கேன் டாக்டர் வேண்டும். நம் தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, எப்படியோ ஆளைப் பிடித்துவிடலாம். பீகாரிலும் ஜார்க்கண்டிலும்? நாட்டின் கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையங்களில் இருக்க வேண்டிய சிறப்பு டாக்டர்களில் முக்கால் பங்குக்கும் மேல் இல்லை என்று அரசு வெளியிட்ட கிராம சுகாதாரப் புள்ளிவிவரமே சொல்கிறது. மசோதாவைப் படித்துப் பார், ஒவ்வொரு மாநில அரசும் வாரியம் அமைக்க வேண்டும் என்று இருக்கும். மாவட்டத்துக்கு ஒன்றா, மாநிலத்துக்கு ஒன்றா? எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும்? மசோதாவில் ஒரு வார்த்தை இல்லை. பின்னால் விதியில் மூன்று நாளில் முடிவு, ஐந்து நாளில் சிகிச்சை என்று போட்டார்கள். ஆக, போட முடிகிற விஷயம்தானே? அதை அன்றைக்கே கேட்டு வாங்க வேண்டிய இடம் நீ நிற்கப்போகிற இடம்.

வன்புணர்வுக்கு ஆளான சிறுமிக்கு 24 தாண்டிவிட்டால் வாரியத்திலும் வழியில்லை, கோர்ட்டுதான். சிறுமி வயிற்றை யார் முதலில் கவனிக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? அவளுக்கே தெரியாது. யூனிஃபார்ம் இறுக்கமாகிறது என்று டீச்சர் சொல்லி அம்மா கூட்டிக்கொண்டு வருவாள். இருபது வாரத்துக்குக் கீழே அப்படி வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

---

நல்லசிவம்

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். சரோஜா அம்மாவின் சொந்த மாவட்டம் தருமபுரி. சேலம், தருமபுரி, உசிலம்பட்டி என்றால் பெண் சிசுக்கொலை என்று நாடே பேசியது. சின்ன ஸ்கேன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஆணா பெண்ணா என்று சொன்ன கும்பல்களைப் போலீஸ் பிடித்த செய்தி இன்னமும் வருகிறது. 24 வாரம் வரை திறந்துவிட்டால் லாபம் யாருக்கு? எதிர்க்கட்சி கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வயிற்றில் இருப்பதும் ஒரு உயிர் என்பதைச் சொல்லக்கூட இங்கே ஆள் இல்லையா?

---

டவுன் மெடிக்கல்ஸ்

நல்லசிவம் சாருக்கு ஒரு தகவல். நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கருக்கலைப்பு மாத்திரைக்கு இந்த நாட்டில் 2002-லேயே அனுமதி வந்துவிட்டது. இப்போது ஒன்பது வாரம் வரை மாத்திரையிலேயே முடித்துக்கொள்ளலாம், டாக்டர் சீட்டு வேண்டும். எங்கள் கடையில் அதை வைப்பதில்லை. பக்கத்துக் கடைகளிலும் இல்லை. வைத்தால் ஒவ்வொரு அட்டைக்கும் ஆயிரம் கேள்வி, பதிவேடு, யாருக்குக் கொடுத்தாய் என்ற விசாரணை. ஏன் என்று கேட்டால் பெண் கருவை அழிக்கிறார்களாம். ஒன்பது வாரத்தில் எந்த வீதி ஸ்கேன்காரன் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவான்? அந்தக் கட்டத்தில் தடுப்பதால் பெண் குழந்தை ஒன்றுகூட மிஞ்சாது. மாத்திரை கிடைக்காதவள் பன்னிரண்டு வாரத்தில் ஆபரேஷனுக்குப் போய் நிற்பாள்.

தங்கச்சி, உனக்கு ஒரு எண். 2015-ல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்பு ஏறக்குறைய 1 கோடியே 56 லட்சம், அதில் 73 சதவீதம் ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரையால் நடந்தது என்று 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஆய்வு வந்தது. மசோதாவுக்கு முந்தியது, நீ தாராளமாகச் சொல்லலாம். அதே சமயம் யாரும் இதைப் படித்துவிட்டு யாரிடமோ மாத்திரை வாங்கித் தானே போட்டுக்கொள்ள வேண்டாம். கரு குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை கேட்காது, உள்ளே ரத்தம் போய் ஆளே போய்விடும். ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் கொடுப்பதற்குக் காரணம் அதுதான்.

---

லேபர்வார்டு சரோஜா

நல்லசிவம் ஐயா, எங்கள் ஊரைப் பற்றி நீங்கள் சொன்னதில் பொய் இல்லை. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் ஆரம்பித்தது எதனால் என்று அந்தப் பக்கத்து நர்ஸுகளுக்கு நன்றாகவே தெரியும். மூன்றாவதும் பெண் என்றதும் குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் படுத்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திட்டியும் இருக்கிறேன்.

ஆனால் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மெஷின்காரனைப் பிடிப்பது அந்தச் சட்டத்தின் வேலை. அவனைப் பிடிக்காமல், ஓ.பி. வரிசையில் நிற்கிற பெண்ணைச் சந்தேகமாகப் பார்த்தால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் கணக்குக் கேட்பார்கள் என்று பயந்து, பன்னிரண்டு வாரத்துக்கு மேல் உள்ள கேஸைத் தொடவே மாட்டேன் என்று சொன்ன டாக்டர்கள் இருந்தார்கள். மண்டையோடு இல்லாத குழந்தையைச் சுமந்தவளும் அதே வரிசையில்தான் நின்றாள்.

பெண் கருவை அழிக்கச் சொல்வது யார்? ஆஸ்பத்திரிக்கு வருபவளோடு மாமியாரும் புருஷனும் வந்து, அவள் வாயைத் திறப்பதற்கு முன் இவர்கள் பேசுவார்கள். சட்டத்தில் உள்ளபடி அவள் கையெழுத்துக்கு மட்டும்தான் மதிப்பு என்று நடைமுறையிலும் இருந்தால், அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்க எங்களுக்கு ஒரு சாக்குக் கிடைக்கும். இப்போது அந்தச் சாக்குக்கூட இல்லை.

உயிர் பற்றிச் சொன்னீர்கள். அந்த வருத்தம் உங்களுக்கு இருப்பதை நான் தப்பு சொல்ல மாட்டேன். கலைத்துவிட்டு அழாமல் போனவர்களை நானும் அதிகம் பார்த்ததில்லை.

---

தாமிரபரணிக்காரி

எல்லோருக்கும் நன்றி. சரோஜா அம்மா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். மில் வேன் ஓட்டுநரை என் பேச்சில் சொல்லலாமா?

வக்கீல் அண்ணனிடம் ஒரு சந்தேகம். இவ்வளவையும் கேட்டபின் நான் மசோதாவை ஆதரிக்கிறேன், ஆனால் இது போதாது என்கிறேன். அப்படிப் பேசினால் அது எதிர்க்கட்சிப் பேச்சாகுமா? எங்கள் சார் ‘எதிர்க்கணும்மா, இல்லாட்டி மார்க் எப்படிப் போடுறது’ என்கிறார். அமைச்சர் பையன் கட்டாயம் ‘உலகிலேயே முற்போக்கான சட்டம்’ என்பான். அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

---

லேபர்வார்டு சரோஜா

சொல்லு கண்ணு. மில் பெயர், ஊர் பெயர் எதையும் நான் சொல்லவில்லை, நீயும் சேர்க்காதே. அவரை நினைத்து யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், சிரித்து முடித்ததும் படிவம் சி-யில் கணவனுக்கு இடமே இல்லை என்று சொல்லு.

முற்போக்கு என்று அவன் சொன்னால் ஒரே கேள்வி கேள்: ‘இருபது வாரத்துக்கு உட்பட்ட, பதினெட்டு வயது நிரம்பிய ஒரு பெண், தனியாக, ஆதார் அட்டையோடு ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்தால், அன்றைக்கே அவளுக்குச் சேவை கிடைக்கும் என்று அமைச்சர் இந்த அவைக்கு உறுதி தருவாரா?’ ஆமாம் என்றால் எந்த ஆஸ்பத்திரி என்று கேள். பார்க்கலாம்.

---

கறுப்புக்கோட்டு மதுரை

எதிர்க்கட்சி என்றால் மசோதாவைத் தோற்கடித்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அன்றைக்கு மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் செய்ததைச் சாரிடம் காட்டுங்கள். மசோதாவை விரிவாக ஆராயும் உறுப்பினர் குழுவான தெரிவுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள், திருத்தங்கள் கொடுத்தார்கள். எல்லாம் குரல் வாக்கெடுப்பில் விழுந்தன. உங்கள் நிலைப்பாடு அதோடு சரியாகப் பொருந்தும்: மசோதாவின் நோக்கத்தை ஏற்கிறேன், இந்த வடிவில் ஏற்கவில்லை, தெரிவுக் குழுவுக்கு அனுப்புங்கள், அங்கே டாக்டர்களையும் செவிலியர்களையும் கோர்ட்டுக்கு அலைந்த பெண்களையும் அழைத்துக் கேளுங்கள்.

கோர்ட்டுக்கு அலைந்ததற்கு உதாரணமாக 2008 பம்பாய் உயர் நீதிமன்ற வழக்கைச் சொல்லலாம். 22-வது வாரம் வாக்கில் கருவின் இதயத்தில் பெரிய கோளாறு தெரிந்தது. டாக்டர் நிகில் தாதரும் அந்தத் தம்பதியும் அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு நாடு முழுக்கச் சூடானது அதற்குப் பிறகுதான். அடுத்த ஆண்டே சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கில், குழந்தை பெறுவதா வேண்டாமா என்ற முடிவு அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டுமே உங்கள் தேதிக்கு முந்தியவை. உச்ச நீதிமன்றம் 2009-ல் சொன்னதை மசோதா 2021-லும் ஏன் எழுதவில்லை என்று கேட்டால் போதும், முற்போக்குப் பேச்சு அடங்கிவிடும்.

நடைமுறையில் இரண்டு விஷயம். தெரிவுக் குழு கோரும் திருத்தத்துக்கும் மற்றத் திருத்தங்களுக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள். வாரியம் பதில் சொல்ல நாள் வரம்பு, மாவட்டத்துக்கு ஒரு வாரியம், வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கு 24 வார வரம்பை நீக்குவது என்று மூன்று திருத்தம் போதும், அதிகமானால் குழப்பம். அப்புறம், குரல் வாக்கெடுப்பில் ‘இல்லை என்போரே அதிகம்’ என்று அவைத்தலைவர் அறிவித்ததும் உட்கார்ந்துவிடாதீர்கள். எழுந்து டிவிஷன் கேளுங்கள். யார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்று பெயரோடு பதிவாகும். அமைச்சர் கட்சி வரிசையில் இருக்கும் உங்கள் தோழிகள் எத்தனை பேர் பட்டனை மாற்றி அழுத்துகிறார்கள் என்று வந்து எழுதுங்கள்.